டை கட்டின தரகருக்குச் சேவூர்க் கெழவன் சொன்னது

காயிதம் வழவழன்னு நல்லாத்தான் இருக்குது தம்பி. படமெல்லாம் ஜோர். கண்ணாடிக் கட்டடத்துல வெள்ளைக்காரப் புள்ளைங்க உக்காந்துக்கினு பல்லெல்லாம் தெரியச் சிரிக்குதுங்க. இன்சூரன்ஸ் எடுத்தா மனுசன் இவ்ளோ சிரிப்பான்னா எங்க தெருவுல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா எழுதிக்க. இங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு, ஜரிகை வெல ஏறினதுலேர்ந்து.

ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. பக்கத்துக்குப் பக்கம் எம்ப்ளாயர், எம்ப்ளாயின்னு போட்டிருக்கியே, இந்த ஊர்ல அந்த ரெண்டு பேரையும் நீ எங்கயாவது பாத்தியா? ஆரணிக்குப் பக்கத்துல இருக்கற சேவூர்னா சாதாரண ஊரு இல்ல. 2016-லேர்ந்து 2021 வரைக்கும் அறநிலையத்துறை மந்திரியா இருந்தவர் பேருக்கு முன்னாலயே ஒட்டிக்கினு இருந்த ஊரு. மந்திரியக் காட்டச் சொல்லு, காட்டறோம். பட்டு காட்டச் சொல்லு, காட்டறோம். முதலாளி யாரு, தொழிலாளி யாரு, அத்தக் காட்டுன்னு கேட்டா மட்டும் எல்லாரும் வானத்தைப் பாப்பானுங்க.

ஏன்னா கணக்கு அப்படி. பட்டு நூலு யாபாரி வீட்டுது. ஜரிகை அவர் வீட்டுது. டிசைன் அட்டையும் அவர் வீட்டுது. தறி மட்டும் நெய்யறவன் வீட்டுது. அவன் படுக்கற எடத்துல பாதிய அடைச்சுக்கினு நிக்குது. ஒரு பாவுக்கு இத்தினி புடவை, ஒரு புடவைக்கு இத்தினி கூலி. நெய்யறவனைக் கேட்டுப் பாரு, ‘எனக்கு எவனும் முதலாளி கெடையாது, சொந்தத் தறி’ம்பான். கூலி வாங்கப் போறப்ப மட்டும் வாய் நெறைய ‘முதலாளி’ம்பான். அந்த முதலாளியக் கேட்டுப் பாரு. ‘நானா? நான் யாபாரிங்க. நூலைக் குடுக்கறேன், புடவைய வாங்கிக்கறேன்’ம்பாரு. தார் சுத்தற பொண்டாட்டியும், கண்ணு மங்கின பொறவும் அறுந்த இழைய எடுத்து முடிச்சுப் போடற கெழவியும் இந்த ரெண்டு பேர் கணக்குலயும் கெடையாது. கூலி ஒரு ஆளுக்கு, பாடு மூணு ஆளுது.

இப்படிப்பட்ட மனுசன் கிட்டப் போன ஒடனே நீ இன்னா கேட்ட? ‘சார், உங்க கிட்ட வேலை செய்யறவங்க பேரு, பொறந்த தேதி, சம்பளம், எல்லாத்தையும் ஒரு எக்செல்ல போட்டுக் குடுங்க.’ மரியாதையாத்தான் கேட்ட. ஆனா அந்த மனுசன் அன்னிக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு. 10 பேர் வேலை செய்யற எடம்னா இ.எஸ்.ஐ. வந்து நிக்கும். 20 பேர்னா பி.எஃப். 5 வருஷம் இருந்தான்னா பணிக்கொடை. போதாததுக்கு 2025 நவம்பர்ல பழைய லேபர் சட்டமெல்லாம் சேத்து நாலு தொகுப்பாப் பண்ணி அமலுக்குக் கொண்டாந்துட்டாங்க. அதுல இன்னா இருக்குதுன்னு ஆடிட்டரைக் கேட்டா அவரும் எச்சிலை முழுங்கறாரு. இந்த நேரத்துல நீ கேட்ட பட்டியல அவர் கையால எழுதிக் குடுத்தாருன்னு வெச்சிக்க, நாளைக்கு எவனாவது ஆபீசர் வந்து ‘தோ, நீரே எழுதிக் குடுத்த எம்ப்ளாயிங்க 60 பேரு’ன்னு அதையே மூஞ்சிக்கு நேரா நீட்டுவான்னு பயம். நீ நல்லது விக்க வந்தவன்தான். அவர் கண்ணுக்கு நீ டை கட்டின லேபர் ஆபீசர்.

அதனால பட்டியலைக் கடைசியில கேளு. முதல்ல மறைக்க முடியாத ஆளுங்களைப் பிடி. கடையில கணக்கு எழுதற புள்ள, வேன் ஓட்டறவன், சாயப்பட்டறையில கொதிக்கற தண்ணிப் பக்கத்துல நிக்கறவன். இவங்களை ‘என் ஆளு இல்ல’ன்னு எந்த யாபாரியும் சொல்ல முடியாது. 1923-ல வெள்ளைக்காரன் போட்ட இழப்பீட்டுச் சட்டத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும், வேலை செய்யற எடத்துல ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது வேலை குடுத்தவர்தான்னு அவருக்கே தெரியும். அங்க ஆரம்பி.

அதுக்கும் முன்னால ஒரு கதவு இருக்குது. நெருப்புக்குப் பயப்படாத பட்டு யாபாரி ஒலகத்துல கெடையாது. கட்டடம், சரக்கு எல்லாம் சேத்து 5 கோடிக்குள்ள இருக்கற சின்ன யாபாரிக்குன்னு 2021 ஏப்ரல்லேர்ந்து ஒரு பாலிசி ஓடுது. பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. பல்லு செட்டு போட்டாத்தான் அந்தப் பேரு என் வாய்ல வருது. அத்த விக்கறேன்னு உள்ள போ. அவர் கையெழுத்துப் போட்டுப் பேனாவ மூடறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேளு: ‘சரக்கு எரிஞ்சா கம்பெனி குடுக்கும் சார். நெய்யறவன் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து கைய ஒடச்சிக்கினா, முகூர்த்தத்துக்கு ஒத்துக்கினு வந்த பாவு தறில அப்படியே நிக்குமே, அத்த யாரு குடுப்பா?’ கேட்டுட்டு வாய மூடிக்க. அவரே பேசுவாரு. உங்களை மாதிரிப் புள்ளைங்களுக்கு அந்த மூடறதுதான் வர மாட்டேங்குது.

சரி, நீ ஏஜென்டா, புரோக்கரா? கார்டுல புரோக்கர்னு போட்டிருக்குது. வித்தியாசம் தெரிஞ்சுதான் போட்டாங்களா? ஏஜென்ட் கம்பெனி ஆளு. புரோக்கர் வாங்கறவன் ஆளு. நாலு கம்பெனி வெலையக் கேட்டு, நமக்கு ஒத்து வர்றதைச் சொல்லணும். உன்னை அனுப்பினாங்களே, அவங்க லைசென்ஸ் வாங்கறதுக்கே 75 லட்சம் மூலதனம் காட்டியிருக்கணும். அவ்ளோ பெரிய எடம். ஆனா உங்களுக்குத் தரகு குடுக்கறது யாரு? கம்பெனி. திருவண்ணாமலை தீபத்துக்குக் கூடற மாட்டுச் சந்தையில துண்டை மேல போட்டுக்கினு உள்ள வெரலைப் பிடிச்சு வெல பேசுவாங்களே தரகருங்க, அவங்க ரெண்டு பக்கமும் கை நீட்டுவாங்க. நீ விக்கறவன் கிட்டத் துட்டு வாங்கிக்கினு வாங்கறவனுக்காகப் பேசணும். அது இன்னும் கஷ்டம். ஆனா மாட்டுத் தரகன் கிட்ட ஒரு நல்ல பழக்கம் உண்டு. மாட்டோட பல்லைப் பிடிச்சுப் பாக்காம வெரலை நீட்ட மாட்டான். நீ பல்லைப் பாக்காமயே வெல சொல்ற.

தறி வீடு எதுக்குள்ளயாவது போயி, ஆதாரு, ரேஷன் கார்டெல்லாம் போட்டு வெச்சிருக்கற பிளாஸ்டிக் பையக் கொண்டாரச் சொல்லு. அதுல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும். 2009-ல கலைஞர் பேர்ல வந்து, 2012-ல பேரு மாறி, இன்னிக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் பாக்குது. பேங்க் பாஸ்புக்கைப் பிரி. மே மாசக் கடைசில ஒரு 20 ரூபாயும் ஒரு 436 ரூபாயும் போயிருக்கும். வீட்டுக்காரன் ‘பேங்க்காரன் பிடிச்சிக்கினான், எதுக்குன்னே தெரியல’ம்பான். 20 ரூபாய் விபத்துக்கு, 436 சாவு எப்படி வந்தாலும். ரெண்டுலயும் 2 லட்சம். 2015-லேர்ந்து இருக்குது. இது இருக்குதுன்னே தெரியாம, புருசன் போன பொறவு பாஸ்புக்கை மடிச்சு அரிசி டிரம்முக்கு அடியில வெச்சிட்ட பொம்பளைங்க எத்தினி பேருன்னு நீயே விசாரி. முதல் மாசம் ஒண்ணும் விக்காத தம்பி. அந்தத் துட்டை வாங்கிக் குடு. கமிஷன் வராது, காப்பி வரும். காப்பி வந்த வீட்டுல எல்லாம் வரும்.

நீ இன்னா பண்ண? 5 லட்சம் அட்டை வெச்சிருக்கறவன் கிட்டப் போயி ‘ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் பாலிசி’ன்னு அரைமணி நேரம் பேசிட்டு வந்தியாம். அவன் உன் எதிர்ல சிரிக்கல. அது அவன் நல்ல கொணம்.

அந்த அட்டை எங்க போயி நின்னுபோவுதுன்னு பாரு. அங்கதான் உன் கடை. ஆபரேசனுக்கு அட்டை வரும். மாத்திரை வாங்க வராது. வேலூர் போயிட்டு வர்ற பஸ் துட்டு வராது. படுக்கையில சேராத நோவுக்கு வராது. நெய்யறவன் நோவு பூரா படுக்கையில சேராத நோவுதான்: இடுப்பு, முட்டி, கழுத்து, கண்ணு. குழித்தறியில காலைத் தொங்க விட்டு உக்காந்து முப்பது வருஷம் மிதிச்சவன் ஆஸ்பத்திரில போயி படுக்க மாட்டான். ஆனா மாசத்துல நாலு நாளு தறில ஏற மாட்டான். அந்த நாலு நாள் கூலிய எந்த அட்டை குடுக்குது? விபத்துப் பாலிசில வாரா வாரம் குடுக்கற ஒண்ணு இருக்குதே, கை கால் ஒடஞ்சு வேலைக்குப் போவாத வரைக்கும் பாலிசித் தொகையில வாரத்துக்கு ஒரு சதவீதம்னு, 2 லட்சத்துக்கு வாரம் 2,000, அத்த எடுத்துக்காட்டு. ஆஸ்பத்திரில இருக்கற நாளைக்கு நாள் கணக்குல கையில குடுக்கற பாலிசி இருக்குதே, அத்தக் காட்டு. கண்ணாடிக்கும் டாக்டர் பீசுக்கும் குடுக்கறது ஏதாவது இருந்தா அத்த முதல்ல காட்டு.

எங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. மகாத்மா காந்தி புங்கர் பீமா யோஜனான்னு நெசவாளிக்கு ஒண்ணு இருந்துச்சு. தலைக்கு 470 ரூபாய் பிரீமியம். டில்லி 290 போடும், எல்.ஐ.சி. பக்கம் 100, நெய்யறவன் 80. செத்தா 60,000, விபத்துல செத்தா ஒண்ணரை லட்சம். அதுக்காகவா 80 ரூபாய் கட்டினாங்க? போடா. ஒம்பதாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கற புள்ளைங்க ரெண்டு பேருக்கு, தலைக்கு மூணு மாசத்துக்கு 300 ரூபாய் வரும். அதுக்காகக் கட்டினாங்க. 2017-ல அத்தப் பெரிய திட்டத்தோட சேத்துட்டாங்க. இன்னிக்கும் எங்க பொம்பளைங்க கிட்ட அந்தத் திட்டத்தைக் கேட்டா, 60,000-த்தைச் சொல்ல மாட்டாங்க, 300-ஐச் சொல்லுவாங்க. அதே மாதிரி ஐ.சி.ஐ.சி.ஐ. லம்பார்டு மூலமா ஒரு அட்டை இருந்துச்சு. குடும்பத்துக்கு வருஷம் 15,000-தான், ஆனா அதுல 7,500 வெளி வைத்தியத்துக்கு. இன்னிக்கு 5 லட்சம் அட்டை வெச்சிக்கினு மருந்துக் கடையில கடன் சொல்றவனைக் கேட்டுப் பாரு, எது பெருசுன்னு. செத்தா வர்றது பொஞ்சாதிக்கு. உயிரோட இருக்கறப்ப வர்றது நமக்கு. உன் காயிதம் பூரா செத்தா வர்றதைத்தான் கொட்டை எழுத்துல போட்டிருக்குது.

மழையப் பத்தி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகைல தறிக் குழியில தண்ணி ஊறும். பாவு நமுத்துப் போவும். நெய்ய முடியாது, கூலி கெடையாது. இதுக்கு உன் பையில ஒண்ணும் இல்ல, தெரியும். ஆனா குஜராத்துல சேவான்னு ஒரு பொம்பளைங்க சங்கம் இருக்குது. எலா பட் அம்மா 1972-ல ஆரம்பிச்சது. பீடி சுத்தறவங்க, காய்கறி விக்கறவங்க, உப்பு காய்ச்சறவங்க. அவங்களுக்கும் முதலாளின்னு கை காட்ட ஆள் கெடையாது. அப்படியும் 1992-லேர்ந்து அவங்களுக்குள்ளயே இன்சூரன்ஸ் நடத்தறாங்க. இப்ப கொஞ்ச வருஷமா, வெயில் ஒரு அளவைத் தாண்டிச்சுன்னா யாரும் மனு எழுதாமயே துட்டு வர்ற மாதிரி ஒரு பாலிசி செஞ்சாங்க. குஜராத் வெயிலுக்கு ஒண்ணு இருந்தா ஆரணி மழைக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா? போயி உங்க பெரியவங்களைக் கேளு. இல்லன்னு சொன்னா இல்லன்னு வந்து எங்க கிட்டச் சொல்லு. ‘வந்துக்கினே இருக்குது தாத்தா’ன்னு மட்டும் சொல்லாத. அந்த வார்த்தைய வீட்டுமனைப் பட்டா விஷயத்துலயே நாங்க நெறையக் கேட்டாச்சு.

இப்ப முதலாளி மனசை எப்படித் திறக்கறதுன்னு கேளு. உன் லேப்டாப்பை மூடிட்டு விடிகாலைல மெயின் ரோட்டுல வந்து நில்லு. செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனிக்கு ஆளு ஏத்தற பஸ்சு வரும். ஏறுறது பூரா தறி வீட்டுப் பொண்ணுங்க. பையனுங்களும் உண்டு. அங்க இன்னா கொட்டிக் கெடக்குதுன்னு கேக்கறியா? பெருசா ஒண்ணும் இல்ல, நாள் பூரா நின்னாத்தான் சம்பளம். ஆனா மாசம் பொறந்தா சம்பளம். பி.எஃப். உண்டு. 21,000-க்குள்ள சம்பளம்னா இ.எஸ்.ஐ.; இவங்க பங்கு முக்கால் சதவீதம், கம்பெனி பங்கு மூணேகால். ஒடம்புக்கு முடியலன்னா வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம். புள்ள பெத்தா 26 வாரம். தறில இதுல எது இருக்குது? பொண்ணு பாக்கப் போற வீட்டுல இப்பெல்லாம் ‘பையனுக்குத் தறி எத்தினி’ன்னு கேக்கறது இல்ல தம்பி, ‘பி.எஃப். பிடிக்கறாங்களா’ன்னு கேக்கறாங்க. ஊரு பூரா நடக்கற கல்யாணத்துக்குக் கூறைப்புடவை நெய்யறவனுக்குப் பொண்ணு கெடைக்கல. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டறவனுக்குக் கெடைக்குது.

இத்த முதலாளி கிட்டச் சொல்லு. அவருக்குத் தெரியாதது இல்ல. ஆனா யாரும் அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. அவர் ஆளை நிக்க வெக்க ஒரே வழி வெச்சிருக்காரு, முன்பணம். கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆடிக்கு, தீபாவளிக்குன்னு வட்டியில்லாம குடுத்து நோட்டுல எழுதிக்குவாரு. கடன் அடையற வரைக்கும் தறி அவருக்குத்தான் ஓடும். அப்பன் அந்த நோட்டுக்குக் கட்டுப்பட்டான். மவன் பஸ் ஏறிட்டான், மிச்சக் கடனைச் சம்பளத்துல மாசா மாசம் கொண்டாந்து குடுக்கறான். முன்பணத்துல முடக்கின துட்டுல எத்தினி பங்கு போட்டா தறிக்காரன் குடும்பத்துக்கு ஒரு வருஷப் பாலிசி ஆவும்னு அவர் நோட்டை வெச்சே கணக்குப் போட்டுக் காட்டு. அவர் நோட்டுல போடு, உன் லேப்டாப்புல வாணாம்.

அப்ப அவர் ஒரு கேள்வி கேப்பாரு. மொகத்தைச் சுளிக்காத. ‘அவன் செத்துட்டா என் முன்பணம் பாலிசில கழிச்சிக்கலாமா?’ கேப்பாரு, கண்டிப்பாக் கேப்பாரு. பேங்கு, ரிசர்வ் பேங்கு அனுமதி வாங்கின கடன் கம்பெனி, இவங்களுக்கு அப்படி ஒரு வழி இருக்குது. பட்டுக் கடைக்குக் கெடையாது. துட்டு நாமினி கைக்குத்தான் போவும்னு பளிச்சுன்னு சொல்லு. யாபாரம் போனாலும் போவட்டும். ‘பாக்கலாம் சார், ஏதாவது பண்ணலாம்’னு இழுத்தன்னா, மறுநா அந்தச் சேதி தெரு பூராத் தெரியும், பாலிசியும் முன்பணத்துக்குத் தம்பிதான்னு எங்காளுங்க முடிவு கட்டிடுவாங்க. அதுக்கோசரம்தான் சொல்றேன், குரூப் பாலிசின்னா ஆளாளுக்கு அவங்கவங்க பேர்ல சர்ட்டிபிகேட் குடுக்கணும்னு விதி இருக்குது இல்ல? அத்த முதலாளி பீரோவுல வெக்காம வீடு வீடாக் கொண்டாந்து குடு. அவன் வேற யாபாரிக்குப் போனாலும், அதே கம்பெனில தனிப் பாலிசியா மாத்திக்கற வழி இன்னான்னும் சொல்லிக் குடு.

யாரோ பையன் போன்ல ஒரு வாத்தைக் காட்டினான். அமெரிக்காவுல இன்சூரன்ஸ் விக்குதாம். அஃப்லாக்னு கம்பெனி, ஜார்ஜியாவுல கொலம்பஸ்னு ஒரு ஊர்ல 1955-ல அண்ணன் தம்பி மூணு பேரு ஆரம்பிச்சது. 1958-ல புத்துநோய்க்குன்னே தனிப் பாலிசி போட்டு, பொறவு வேலை செய்யற எடத்துலயே போயி விக்க ஆரம்பிச்சாங்க. முதலாளி ஒரு பைசா போட வாணாம். வேலைக்காரன் தனக்கு வேணுங்கறதை எடுத்துக்குவான், சம்பளத்துல பிடிச்சிக்குவாங்க. 2000-லேர்ந்து விளம்பரத்துல வாத்து. எங்களுக்கும் வாத்து தெரியும். அறுப்பு முடிஞ்ச பொன்னிக் கழனியில ஆயிரக்கணக்குல ஓட்டியாந்து மேய்ப்பாங்க. நம்ம வாத்து முட்டை குடுக்கும், அவங்க வாத்து பிரீமியம் வாங்கும். வாத்து மேல கொறை சொல்லல. ஆனா அந்த யாபாரம் சம்பளச் சீட்டு இருக்கற ஊருக்கு.

இங்கயும் பிடித்தம்னு ஒண்ணு பழக்கம்தான். நெசவாளர் கூட்டுறவு சொசைட்டில நெய்யறவனுக்குக் கூலில ரூபாய்க்கு 8 பைசா சேமிப்புக்குப் பிடிப்பாங்க. ஏன் விட்டாங்க தெரியுமா? அதுக்கு மேல சர்க்கார் 4 பைசா போட்டுச்சு. எதிராளி ஒண்ணு போட்டாத்தான் நெசவாளி ஒண்ணு பிடிக்க விடுவான். அதனால அடிப்படைப் பாலிசி முதலாளி துட்டுல இருக்கட்டும். அதுக்கு மேல வேணுங்கறவன் தன் கைக்காசு போட்டு எடுக்கட்டும். பேரை எழுதறதுக்கு அவர் இன்னும் பயந்தாருன்னா சொசைட்டி இருக்குது, யாபாரிங்க சங்கம் இருக்குது, அது மூலமாப் போ. இன்சூரன்சுக்காகவே கூட்டின கூட்டமா மட்டும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கற சங்கம்னா தடை இல்ல. சங்கத்துக்காரன் கம்பெனி சொன்ன பிரீமியத்துக்கு மேல ஒரு ரூபாய் கூட ஆளுங்க கிட்டப் பிடிக்கக் கூடாது. அத்த நீயே எல்லார் எதிர்லயும் சொல்லிடு. தலைவர் மொகம் கொஞ்சம் வாடும், பரவால்ல. கூட்டத்தை அமாவாசைல வையி. அன்னிக்குத்தான் தறி ஓடாது, காது திறந்திருக்கும்.

துட்டு விஷயத்துல ரெண்டு. தனி ஆளு எடுக்கற உயிர், ஆஸ்பத்திரிப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜி.எஸ்.டி. கெடையாது. குரூப் பாலிசிக்கு இன்னும் 18 சதவீதம் இருக்குது. யாபாரிக்கு இது உன்னை விட நல்லாத் தெரியும், நீ மறைச்சன்னா அத்தோட சரி. இன்னொண்ணு, கடைசில உன்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பறப்ப தோள் மேல கை போட்டு ‘உன் கமிஷன்ல நமக்கு எவ்ளோ?’ம்பாரு. 1938 இன்சூரன்ஸ் சட்டத்துல 41-வது பிரிவு. குடுத்தாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு, 10 லட்சம் வரைக்கும் அபராதம். இத்தச் சொல்றப்ப சிரிச்சுக்கினே சொல்லு. அவர் உன்னைச் சோதிச்சுப் பாத்தேன்னு சொல்லிக்குவாரு, மானமும் தப்பும்.

வித்த பொறவு ஓடிடாத. முதல் க்ளெய்ம் வரைக்கும் உன் பாலிசிய எவனும் நம்ப மாட்டான். பக்கத்து ஊர்ல ஒருத்தன் 2 லட்சம் பாலிசி வெச்சிக்கினு 4,000 ரூபாய் ரூம்ல படுத்தான். அவன் பாலிசில ரூம் வாடகை ஒரு சதவீதம், அதாவது 2,000-தான். வாடகைல மட்டும் வெட்டியிருந்தா பரவால்ல. டாக்டர் பீசு, ஆபரேசன் செலவையும் அதே கணக்குல பாதியா வெட்டிட்டாங்க. எழுதி வெச்சதுதான், மோசடி இல்ல. எழுதினதை யாரும் வாய் திறந்து சொல்லல. அன்னிலேர்ந்து அந்த ஊர்ல இன்சூரன்ஸ்னு எவன் வந்தாலும் நாய அவுத்து விடறாங்க. ரொக்கம் கட்டாத சிகிச்சைக்குக் கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும், வீட்டுக்கு அனுப்பறப்ப மூணு மணி நேரத்துல முடிக்கணும்னு 2024-ல உத்தரவு போட்டிருக்காங்களே. அந்த ஒரு மணி நேரம் முடிஞ்சு பதில் வரலன்னா ராத்திரின்னாலும் போன் எடுக்கறவன்தான் புரோக்கர். போன் நம்பரைக் கார்டுல போடாத. தறிக் கம்பத்துல சாக்பீஸ்ல எழுதிட்டு வா.

கடைசியா ஒண்ணு. உன் காயிதத்துல முப்பதாவது பக்கமோ என்னமோ, எறும்பு எழுத்துல ஒரு வரி இருக்குது பாரு: விருப்பப்பட்டா பெத்தவங்களையும் சேத்துக்கலாம்னு. அத்த முதல் பக்கத்துக்குக் கொண்டா. தனியாப் பாலிசி எடுக்கப் போனா, ஏற்கெனவே இருக்கற சக்கரைக்கும் பிரஷருக்கும் மூணு வருஷம் வரைக்கும் காத்திருன்னு சொல்லலாம். குரூப்ல போட்டா முதல் நாள்லேர்ந்தே பாக்கற மாதிரி எழுதி வாங்க முடியும். சேவூர்ல எந்த மவனும் தனக்காகப் பாலிசி கேக்க மாட்டான், அம்மாவுக்குன்னா கேப்பான். முதலாளி ‘கெழடுங்களைச் சேத்தா க்ளெய்ம் ஏறும், அடுத்த வருஷம் பிரீமியத்தை ஏத்துவான்’ம்பாரு. சொல்றது மெய்தான். முதல் வருஷம் மலிவாக் குடுத்துட்டு ரெண்டாம் வருஷம் ஏத்தற கம்பெனிய நீ முன்னாடியே கழிச்சிடு. பெத்தவங்க பிரீமியத்தை மவன் கட்டட்டும், பில்லுல அஞ்சுல ஒரு பங்கு வீட்டுக்காரன் போடட்டும்னு பேசி முடி. ஒத்துக்குவாங்க.

ஒத்துக்குவாங்கன்னு எப்படிச் சொல்றேன்னு கேக்கறியா? நீ எக்செல் கேட்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தியே, அவருக்குத்தான் என் மவன் நெய்யறான். எனக்குச் சக்கரை. கெழவிக்கு ரெண்டு முட்டியும் போச்சு. இந்தா, ரெண்டு பேரு ஆதார் ஜெராக்சும் மடிச்சு வெச்சிருக்கேன், பிடி. ரெண்டுலயும் பொறந்த நாளு ஜனவரி 1-ன்னுதான் இருக்கும். எழுத வந்த பையன் அப்படித்தான் போட்டான். கம்பெனிக்காரன் கேட்டா, ரெட்டைப் புள்ளைங்க இல்ல, புருசன் பொண்டாட்டிதான்னு நீயே சொல்லிடு.